அறுபது அட்டைகளும் ஒரு சிவப்புப் பேனாவும்

அச்சடித்த பொருள் எதையாவது யாராவது கையில் கொடுத்தால் என் வலக்கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும். 31 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்திய கை அது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் துண்டுத்தாளைக்கூட விட்டுவைத்ததில்லை. இது தெரிந்தும், தெரிந்ததால்தானோ என்னவோ, என் தங்கை மகள் போன மாதம் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். புத்தகம், எழுத்து, நூலகம் தொடர்பான ஆங்கிலச் சொற்கள் கிரேக்கத்திலிருந்து எப்படி வந்தன என்று சொல்லும் 60 அட்டைகள். “இதில் எத்தனை பிழை இருக்கும் பெரியம்மா? நான் ஐந்து என்கிறேன், பந்தயம்” என்றாள். நான் கண்டுபிடித்தது 17. பந்தயத்தில் தோற்றது அவள்தான். ஆனால் மூன்று வாரமாகியும் அந்தப் பெட்டியை மேசையிலிருந்து எடுத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அட்டைகள் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியவை. தாள் நல்ல கனம். பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிவதில்லை. முனைகளை வளைத்து வெட்டியிருக்கிறார்கள், அதனால் நாய்க்காது மடிவதில்லை. முன்பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல் மட்டும், பெரிய எழுத்தில், சுற்றிலும் தாராளமான வெள்ளை. பின்பக்கத்தில் கிரேக்க எழுத்தில் மூலச்சொல், அதன் உச்சரிப்பு, சொல்லின் உறுப்புகள், ஆறேழு வரியில் ஒரு கதை. விளிம்பில் ஐந்து நிறங்கள்: எழுதுபொருள், நூலின் வடிவம், நூல் வகை, நூலகம், குறிகள். மாலை விளக்கில் பச்சைக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அது என் கண்ணின் குறையோ என்று அவளிடமும் காட்டினேன், அவளுக்கும் தெரியவில்லை. மூடி மிக இறுக்கம். திறக்கும்போதெல்லாம் நாலைந்து அட்டைகள் தரையில் விழுகின்றன.

பெட்டியின் மேல் ஒரு வாசகம் இருக்கிறது: நூலுலகின் சொற்களெல்லாம் கிரேக்கம் தந்தவையே என்ற பொருளில். இது விற்பனைக்காரர் பேச்சு. ‘புக்’ என்ற சொல்லே கிரேக்கம் இல்லை; அது ஜெர்மானியக் குடும்பத்துச் சொல், பீச் மரத்தோடு அதைத் தொடர்புபடுத்துவது வழக்கம். ‘பேஜ்’ லத்தீன். ‘வால்யூம்’ லத்தீன், சுருட்டுவது என்ற வினையிலிருந்து வந்தது. ‘டெக்ஸ்ட்’ லத்தீன்; நெய்வது என்று பொருள். (இழையையும் புத்தகத்தையும் ‘நூல்’ என்ற ஒரே சொல்லால் அழைக்கும் நமக்கு அது புதிதாகத் தோன்றாது.) ‘லைப்ரரி’கூட மரப்பட்டையையும் புத்தகத்தையும் குறித்த ‘லீபெர்’ என்ற லத்தீன் சொல்லின் பிள்ளைதான். கிரேக்கம் கொடுத்தது ஏராளம். அதற்காக எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிட முடியாது.

இன்னொன்றும் உறுத்தியது. பெட்டிக்குள் இருப்பவை கார்டுகள். ‘கார்டு’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? பாப்பிரஸ் தாளுக்குக் கிரேக்கத்தில் ‘கார்தேஸ்’ என்று பெயர். லத்தீனில் அது ‘கார்தா’ ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து கார்டு, சார்ட், சார்ட்டர், கார்ட்டன், கார்ட்டூன் என்று கிளைவிட்டது. துப்பாக்கித் தோட்டாவின் ‘கார்ட்ரிட்ஜ்’கூட அந்த வீட்டுப் பிள்ளைதான்; ஒரு காலத்தில் வெடிமருந்தைத் தாளில் சுற்றி வைத்தார்கள். அட்டைகளைத் தாங்கும் ‘பாக்ஸ்’? பாக்ஸ் மரத்தில் கடைந்த சிமிழுக்குக் கிரேக்கர்கள் ‘பிக்ஸிஸ்’ என்றார்கள். அதுதான் லத்தீனில் திரிந்து பாக்ஸாக வந்து நிற்கிறது. கையில் பிடித்திருக்கும் பொருளின் பெயரும் அதைப் போட்டுவைத்த பொருளின் பெயரும் கிரேக்கம். இரண்டுக்குமே பெட்டியில் அட்டை இல்லை! தயாரித்தவர்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தால் இதைத்தான் முதல் அட்டையாக வைத்திருப்பேன்.

எழுதுபொருள் அட்டைகளில் சரக்கு அதிகம். எகிப்தின் ஆற்றோரத்தில் வளர்ந்த ஒரு கோரைப்புல்லின் பெயர் ‘பாப்பிரோஸ்’. அதன் தண்டைக் கீற்றுக் கீற்றாகச் சீவி, குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, அழுத்திக் காயவைத்துத் தாளாக்கினார்கள். ‘பேப்பர்’ அந்தப் பெயர்தான். ஆனால் இன்று நாம் பேப்பர் என்று அழைப்பது சீனத்தில் பிறந்த வேறொரு பொருள். நாரை ஊறவைத்து அரைத்துக் கூழாக்கி வடிகட்டி எடுப்பது. எகிப்தியப் புல்லின் பெயரைக் கிரேக்கன் எழுதிவைக்க, அதை லத்தீன்காரன் எடுத்துக்கொள்ள, ஆங்கிலேயன் சீனப் பொருளின் தலையில் ஒட்டிவிட்டான். அட்டை இதை நான்கே வரியில் அழகாகச் சொல்கிறது. இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை.

‘பைபிள்’ அட்டையும் நன்று. பாப்பிரஸுக்கு இன்னொரு பெயர் ‘பிப்லோஸ்’. அதிலிருந்து சிறு ஏட்டைக் குறிக்கும் ‘பிப்லியோன்’. அதன் பன்மை ‘பிப்லியா’, அதாவது ஏடுகள். இன்றைய லெபனானில் இருக்கும் பிப்லோஸ் துறைமுகம் வழியாகப் பாப்பிரஸ் கிரேக்கத்துக்குப் போனதால் இந்தப் பெயர் என்பது நெடுநாள் விளக்கம். ஊரால் புல்லுக்குப் பெயரா, புல்லால் ஊருக்குப் பெயரா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை என்று அட்டையும் நேர்மையாகவே சொல்கிறது. எனக்குப் பிடித்தது அடுத்த வரி. லத்தீனில் இந்தப் ‘பிப்லியா’ காலப்போக்கில் பெண்பால் ஒருமையாகிவிட்டது. இரண்டு மொழியிலும் ‘ஆ’ என்று முடியும் ஒலி. ஒன்றில் அது பன்மை, மற்றதில் ஒருமை என்று மயங்க இடம் இருந்தது. ஏடுகள் பல, ஒரே ஏடாயின. என் வேலைமேசைக்கு வந்திருந்தால் ஓரத்தில் ‘ஒருமை பன்மை பார்க்கவும்’ என்று குறித்திருப்பேன். யாரும் குறிக்கவில்லை. அதனால் அந்தச் சொல் இன்றும் ஒருமையாகவே இருக்கிறது.

‘பார்ச்மென்ட்’ அட்டையில்தான் முதல் சண்டை. இன்றைய துருக்கியில் இருந்த பெர்காமோன் நகரத்தின் பெயரிலிருந்து வந்த சொல் இது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அட்டை மேலே போய், எகிப்து மன்னன் தாலமி பொறாமையால் பாப்பிரஸ் ஏற்றுமதியை நிறுத்தினான், பெர்காமோன் மன்னன் யூமெனிஸ் வேறு வழியின்றித் தோலைக் கண்டுபிடித்தான் என்று நேரில் பார்த்தது போல எழுதுகிறது. இது ரோமானிய எழுத்தாளர் பிளினி, தனக்கு முந்திய ரோமானிய அறிஞர் வாரோவின் பெயரால் சொன்ன கதை. யூமெனிஸ் ஆட்சிக்கு வந்தது பொ.ஆ.மு. 197இல். அவனுக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இன்றைய துருக்கிக் கரையில் வாழ்ந்த அயோனியக் கிரேக்கர்கள் புத்தகங்களை ‘டிஃப்தெராய்’, அதாவது தோல்கள், என்று அழைக்கிறார்கள், பாப்பிரஸ் கிடைக்காத காலத்தில் ஆட்டுத் தோலில் எழுதிய பழக்கத்தால் வந்த பெயர் அது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். பெர்காமோன் தோலைப் பதப்படுத்தும் வகையைச் சீர்படுத்தியிருக்கலாம், பெரிய அளவில் செய்து புகழ் பெற்றிருக்கலாம். தோலில் எழுதுவதை அந்த ஊர் கண்டுபிடிக்கவில்லை. ‘என்பது பழங்கதை’ என்று இரண்டு சொல் சேர்த்திருந்தால் போதும், என் பேனா மூடியிலேயே இருந்திருக்கும்.

அந்த ‘டிஃப்தெரா’வுக்கு ஓர் அட்டை ஒதுக்காததும் குறைதான். புத்தகத்துக்குத் தோலைக் கொடுத்த அதே சொல்லைத்தான் 1826இல் பிரெஞ்சு மருத்துவர் பியேர் பிரெத்தொனோ ஒரு நோய்க்குச் சூட்டினார். தொண்டையில் தோல் போலப் படர்ந்து மூச்சை அடைக்கும் டிஃப்தீரியா. அரபியிலும் பாரசீகத்திலும் பதிவேட்டைக் குறிக்கும் ‘தஃப்தர்’ என்ற சொல்லும் இதே தோலிலிருந்து வந்தது என்பார்கள். இதை நான் சொன்னபோது தங்கை மகள் தன் தடுப்பூசி அட்டையை எடுத்து அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தாள். அவளுக்கு அன்று அதுதான் கண்டுபிடிப்பு.

‘இங்க்’ அட்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ‘என்காவ்ஸ்தோன்’ என்றால் சுட்டுப் பதித்தது. பிற்கால ரோமப் பேரரசர்கள் கையெழுத்திடுவதற்கென்று ஒதுக்கிவைத்த செந்நிற மைக்கு அந்தப் பெயர். பேரரசரைத் தவிர யாரும் தொடக் கூடாத மையின் பெயரைத்தான் இன்று பிரிண்டரில் தீர்ந்துபோகும்போதெல்லாம் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

இனி இந்தப் பெட்டியை நான் எடுத்துவைக்காமல் இருப்பதற்குக் காரணமான இரண்டு அட்டைகள். இரண்டும் மெய்ப்புப் பிழைகள். சொல் பற்றிய பிழைகள் அல்ல. பிழையாகப் பிறந்த சொற்கள்.

ஒன்று, ‘என்சைக்ளோபீடியா’. கிரேக்கத்தில் ‘என்கிக்லியோஸ் பைதேயியா’ என்று இரண்டு சொற்கள். வட்டமாகச் சுற்றிவரும் கல்வி, ஒருவன் கற்றுத்தேற வேண்டிய பொதுக்கல்வி என்று பொருள். குவிந்தீலியன் போன்ற லத்தீன் ஆசிரியர்களின் நூல்களில் அந்தக் கிரேக்கத் தொடர் வந்த இடத்தை, பிரதியெடுத்தவர்கள் ஒரே சொல்லாகப் படித்து ஒட்டி எழுதிவிட்டார்கள். பழைய கிரேக்க ஏடுகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடும் பழக்கம் கிடையாது. கிரேக்கம் அரைகுறையாகத் தெரிந்தவன் கையில் அது சிக்கினால் இப்படித்தான் ஆகும். ‘இடைவெளி தேவை’ என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு குறி உண்டு. ஒரு நாளைக்கு நாற்பது முறையாவது போட்டிருப்பேன். அந்தக் குறி ஒன்று விடுபட்டதால் உலகத்துக் கலைக்களஞ்சியங்களுக்கெல்லாம் ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

மற்றது இன்னும் பெரியது: ‘சிலபஸ்’. பாப்பிரஸ் சுருள்களை அலமாரியில் அடுக்கிவைத்தால் எது எந்த நூல் என்று தெரியாது. அதனால் சுருளின் ஓரத்தில் தோல் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு நூலின் பெயரை எழுதினார்கள். அந்தத் துண்டுக்குக் கிரேக்கர்கள் வைத்த பெயர் ‘சித்திபா’. பொ.ஆ.மு. 56இல் ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பர் அத்திக்கஸுக்குக் கடிதம் எழுதுகிறார்: தன் வீட்டுப் புத்தகங்களைத் தீரானியோ என்ற கிரேக்க அறிஞர் அருமையாக அடுக்கிக்கொண்டிருக்கிறார், ஒட்டவும் பெயர்த்துண்டு கட்டவும் உங்கள் எழுத்தர்கள் இரண்டு பேரை அனுப்புங்கள், நீங்கள் கிரேக்கர்கள் அந்தத் துண்டுகளை இன்ன பெயரால் அழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன் என்று. 15ஆம் நூற்றாண்டில் சிசரோவின் கடிதங்கள் அச்சேறியபோது, அந்த ‘இன்ன பெயர்’ இருந்த இடத்தில் ‘சிலபோஸ்’ என்று அச்சாகிவிட்டது. கிரேக்கத்தில் அப்படி ஒரு சொல்லே அதுவரை இல்லை. அச்சில் வந்துவிட்டதே! பின்னால் வந்தவர்கள் அதை உண்மைச் சொல்லென்று நம்பி, ‘ஒன்றுசேர்ப்பது’ என்ற வேறொரு கிரேக்க வினையோடு முடிச்சுப் போட்டு, அதற்கு ஒரு வம்சாவளியும் தயாரித்துவிட்டார்கள். பெயர்த்துண்டு பட்டியலாயிற்று, பட்டியல் பாடத்திட்டமாயிற்று.

இந்த அட்டையைப் படித்துவிட்டு நான் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எத்தனை தேர்வுகள், எத்தனை பிள்ளைகள், ‘சிலபஸில் இல்லாததைக் கேட்டுவிட்டார்கள்’ என்று எத்தனை அழுகைகள். எல்லாம் ஒரு மெய்ப்பில் தப்பிய பிழையின் பெயரால். பன்மையில் ‘சிலபை’ என்பதா ‘சிலபஸஸ்’ என்பதா என்று நானே ஒருமுறை ஓர் ஆசிரியரோடு அரை நாள் வாதாடியிருக்கிறேன். இல்லாத சொல்லுக்குப் பன்மை தேடினோம்.

குறிகள் பற்றிய அட்டைகளுக்கு வருகிறேன். இவை என் தொழிற்கருவிகள். 31 ஆண்டு கையாண்டும் இவற்றின் பிறப்பைப் பற்றி யோசித்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ‘காமா’ என்றால் வெட்டிய துண்டு. ‘கோலன்’ என்றால் கை, கால் போன்ற உறுப்பு. ‘பீரியட்’ என்றால் சுற்றி வருவது. இந்த மூன்றும் முதலில் குறிகளின் பெயர்களே அல்ல, வாக்கியத் துண்டுகளின் பெயர்கள். பிறகுதான் அந்தத் துண்டை முடித்துவைக்கும் புள்ளிக்குப் போய் ஒட்டிக்கொண்டன. அலெக்ஸாந்திரியா நூலகத்தின் தலைவராக இருந்த பைஸாந்தியத்து அரிஸ்டோஃபனீஸ் (நாடகம் எழுதியவர் வேறு) பொ.ஆ.மு. 200ஐ ஒட்டி, வரியின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று உயரங்களில் புள்ளி வைக்கும் முறையை ஏற்படுத்தினார் என்பார்கள். வாசிப்பவன் எங்கே எவ்வளவு மூச்சு வாங்கலாம் என்று காட்ட.

‘ஆஸ்டெரிஸ்க்’ சின்ன நட்சத்திரம். ‘ஒபெலோஸ்’ இறைச்சி சுடும் கம்பி. அதே நூலகத்தின் முதல் தலைவர் ஸெனோடோட்டஸ், ஹோமரின் பெயரில் வந்த வரிகளில் சந்தேகத்துக்குரியவற்றின் பக்கத்தில் ஒரு கிடைக்கோடு இழுத்தார், அதற்குத்தான் அந்தப் பெயர். வரியை அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சந்தேகத்தை ஓரத்தில் குறித்துவிட்டு வரியை அப்படியே விட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதுதான்: உன் வேலை கேள்வி கேட்பது, எழுதியவனின் வரியை மாற்றுவது அல்ல. அவர் அலெக்ஸாந்திரியாவைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் என்று தோன்றவில்லை. ‘பாராகிராஃப்’ அட்டையும் இதே ஓரத்தைச் சேர்ந்தது. பக்கத்தில் எழுதியது என்று பொருள். பேசுபவர் மாறும் இடத்திலோ பகுதி முடியும் இடத்திலோ ஓரத்தில் இழுத்த சிறு கோடு அது. கோடு போய்விட்டது, அதன் பெயர் பத்தியின் பெயராக நிலைத்துவிட்டது.

‘ஹைஃபன்’ அட்டையில் ஒரு பிழை. ‘ஹிபோ’ என்றால் கீழ், ‘ஹென்’ என்றால் ஒன்று. இரண்டும் சேர்ந்து ‘ஒன்றின்கீழ்’. இரண்டு சொற்களைச் சேர்த்துப் படி என்று காட்ட, எழுத்துகளுக்குக் கீழே தொட்டில் போல வளைத்துப் போட்ட கோடு அது. விளக்கம் சரி. ஆனால் தொடக்கத்து ஹகர ஒலியைக் காட்டும் மூச்சுக்குறியை அச்சில் விட்டுவிட்டார்கள். அந்தக் குறி இல்லாமல் படித்தால் ‘ஹிபோ’ வெறும் ‘இபோ’ ஆகிவிடும். குறிகளைப் பற்றிய அட்டையிலேயே குறி இல்லை.

கிரேக்க அச்சில் இதைவிடப் பரவலான குற்றம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் ‘ஸ்’ ஒலிக்குரிய சிக்மா என்ற எழுத்துக்குச் சொல்லின் இடையில் ஒரு வடிவம், இறுதியில் இன்னொரு வடிவம். 11 அட்டைகளில் இறுதியிலும் இடை வடிவத்தையே அடித்திருக்கிறார்கள். ‘பிப்லோஸ்’, ‘தோமோஸ்’, ‘பாப்பிரோஸ்’ எல்லாம் வால் முளைக்காமல் மொட்டையாக நிற்கின்றன. கிரேக்கம் தெரியாதவர்களுக்கு இது கண்ணில் படாது. எனக்கும் கிரேக்கம் தெரியாது. ஆனால் ஒரே எழுத்து மீதி அட்டைகளில் ஒரு மாதிரியும் இந்த 11இல் வேறு மாதிரியும் இருந்தால், எந்த மொழியானாலும், அது என் கண்ணைக் குத்தும்.

ஒவ்வோர் அட்டையிலும் உச்சரிப்பைக் கேட்கக் கட்டக்குறி ஒன்று இருக்கிறது. போனால் படம் பிடித்தால் ஒரு குரல் சொல்லைச் சொல்கிறது. நல்ல எண்ணம், அரைகுறை வேலை. சில அட்டைகளில் குரல் பழங்கிரேக்க ஒலியில் சொல்கிறது, சிலவற்றில் இன்றைய கிரேக்க ஒலியில். பழைய ‘ப்’ ஒலி இன்று ‘வ்’ ஆகிவிட்டது. ஆகவே அட்டையில் ‘பிப்லியோன்’ என்று இருக்க, காதில் ‘விவ்லியோன்’ என்று விழுகிறது. தங்கை மகள் குரல் தப்பென்று சொன்னாள், நான் அச்சுத் தப்பென்று நினைத்தேன். இரண்டும் தப்பில்லை, இரண்டு காலத்து ஒலிகள் என்று புரிய ஒரு மாலை போயிற்று. ஒரு வரிக் குறிப்பு போட்டிருக்கலாம்.

மன்னிக்க முடியாத இரண்டு அட்டைகளைச் சொல்லியாக வேண்டும். ‘ஸ்டைல்’, ‘ஆத்தர்’. இரண்டும் கிரேக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டும் கிரேக்கம் இல்லை. ‘ஸ்டைல்’ லத்தீனில் மெழுகுப் பலகையில் எழுதும் கூர்முனைக் கோல், ‘ஸ்டிலஸ்’. தூணைக் குறிக்கும் ‘ஸ்டிலோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லோடு குழப்பிக்கொண்ட யாரோ, ‘ஐ’ எழுத்து இருந்த இடத்தில் ‘ஒய்’ எழுத்தைப் போட்டுவிட்டார்கள். ‘ஆத்தர்’ லத்தீனின் ‘அவ்க்டோர்’, வளர்ப்பவன், உண்டாக்குபவன். அதில் ‘எச்’ எழுத்துக்கு வேலையே இல்லை. கிரேக்கச் சொல்லாக இருக்கும் என்ற மயக்கத்தில் எழுத்தர்கள் நுழைத்தது. முதலில் எழுத்தில் மட்டும்தான் இருந்தது. பிறகு எழுத்தைப் பார்த்து நாக்கும் மாறிவிட்டது. கிரேக்க வேடம் போட்ட இந்த இரண்டையும் ‘வேடதாரிகள்’ என்று தலைப்பிட்டுத் தனியாக வைத்திருந்தால் பெட்டியின் மிகச் சுவையான பகுதி அதுவாக இருந்திருக்கும். அட்டை எழுதியவர்களும் அந்தப் பழைய எழுத்தர்களைப் போலவே ஏமாந்துவிட்டார்கள்.

இவை போக ஆங்கில எழுத்துப் பிழைகள் இரண்டு. ஆக மொத்தம்: சிக்மா 11, வேடதாரிகள் 2, பெர்காமோன் 1, மூச்சுக்குறி 1, எழுத்துப்பிழை 2.

விளையாட்டாக வைத்தால் பெட்டி நன்றாக ஓடுகிறது. ஒருவர் பொருளைப் படிக்க, மற்றவர் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். ‘பூப்பறித்தல்’ என்றேன், அவள் தோட்டக்கலைச் சொற்களாக அடுக்கினாள். விடை ‘ஆந்தாலஜி’, அதாவது தொகைநூல். ‘முதல் பசை’ என்றாள். நான் பத்து நிமிடம் விழித்தேன். விடை ‘ப்ரோட்டோகால்’: சுருளின் முகப்பில் ஒட்டிய முதல் தாள். ஆவணம் எங்கே எப்போது தயாரானது என்ற விவரம் அதில் இருந்ததால், அதை வெட்டி எடுக்கக் கூடாது என்று 6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் சட்டமே போட்டார். ‘எல்லோருக்கும் பிரியமானவன்’ என்றால் ‘பாம்ப்லெட்’. 12ஆம் நூற்றாண்டில் பரவலாகப் படிக்கப்பட்ட ஒரு லத்தீன் காதல் கவிதையின் நாயகன் பெயர் பாம்ஃபிலுஸ், அந்தச் சிறு ஏட்டின் செல்லப்பெயர் எல்லாச் சிறு ஏடுகளுக்கும் பெயராயிற்று. ‘டோம்’ என்ற தடித்த புத்தகம் உண்மையில் ‘வெட்டிய துண்டு’. வெட்ட முடியாதது ‘ஆட்டம்’, அதாவது அணு. சுருக்கி வெட்டியது ‘எபிடமி’. நூலகத்தைக் குறிக்கும் ‘பிப்லியோதேக்கே’யில் வரும் ‘தேக்கே’ என்பது பெட்டி, பேழை. பொருள்களை எடுத்துவைக்கும் கிடங்கு ‘அப்போதேக்கே’. அதிலிருந்து மருந்தாளருக்கு ஆங்கிலத்தில் ஒரு பழைய பெயர், ஸ்பானியத்தில் மதுக்கிடங்கின் ‘போதேகா’, பிரெஞ்சில் துணிக்கடைக்காரர்கள் விரும்பும் ‘பூட்டீக்’. இந்த அட்டை வந்தபிறகு விளையாட்டு நின்று, வேறென்ன வந்திருக்கும் என்று தேடுவதிலேயே இரவாகிவிட்டது.

‘பாலிம்ப்செஸ்ட்’ அட்டையில் ஆர்க்கிமிடிஸ் ஏட்டைச் சொல்லியிருக்கிறார்கள். மீண்டும் சுரண்டியது என்று பொருள். 10ஆம் நூற்றாண்டில் படியெடுத்த ஆர்க்கிமிடிஸ் நூல்களைச் சுரண்டி, தோலைத் திருப்பி மடித்து, 1229இல் மேலே ஒரு பிரார்த்தனை நூலை எழுதிவிட்டார்கள். 1906இல் டேனிய அறிஞர் ஹைபர்க் அடியில் மங்கித் தெரிந்த வரிகளை அடையாளம் கண்டார். ஆறு வரிக்குள் இத்தனையும் அடங்கிவிட்டன. எழுதியவருக்குச் சுருங்கச் சொல்லும் கை இருக்கிறது, மறுக்க மாட்டேன்.

வாங்கலாமா? ஆங்கிலம் சரளமாகப் படிக்கும், 15 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் கொடுக்கலாம், மேலே சொன்ன திருத்தங்களோடு. கிரேக்க எழுத்தை இதைப் பார்த்துப் பழக நினைப்பவர்கள் வேண்டாம். விலை எனக்குத் தெரியாது, பரிசு.

அறுபதாவது அட்டை ‘கொலோஃபோன்’. சிகரம், முடிவுத் தொடுகை என்று பொருள். அந்தப் பெயரில் அயோனியாவில் ஒரு நகரம் இருந்தது; அதன் குதிரைப்படை இறங்கினால் போர் முடிந்தது என்று பொருள், அதனால்தான் முடித்துவைப்பதற்கு அந்தப் பெயர் என்று பழங்கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ ஒரு விளக்கம் தருகிறார். புத்தகத்தின் கடைசியில் யார் எழுதியது, யார் அச்சிட்டது, எங்கே, எப்போது என்று சொல்லும் குறிப்புக்குக் கொலோஃபோன் என்று பெயர். அட்டை இதையெல்லாம் விளக்குகிறது. பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடிவிட்டேன். எழுதியவர் பெயர் இல்லை, சரிபார்த்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. ஓர் அட்டை முழுக்கக் கொலோஃபோனைப் பற்றிப் பேசிவிட்டுத் தங்களுக்கு ஒன்றைப் போட மறந்துவிட்டார்கள்.

அடியில் ‘உங்கள் சொற்களுக்கு’ என்று இரண்டு வெற்று அட்டைகள் வைத்திருந்தார்கள். ஒன்றில் 17 பிழைகளையும் பொடி எழுத்தில் எழுதி ‘எர்ராட்டா’ என்று தலைப்பிட்டேன். அது லத்தீன், இந்தப் பெட்டிக்குள் அதற்கு உரிமை இல்லை என்று தெரியும். இன்னொன்றைத் தங்கை மகள் எடுத்துக்கொண்டு போய், மறுநாள் பெட்டியின் கடைசி அட்டையாகச் செருகிவைத்திருந்தாள். என் பெயர், இந்த மாதம், இந்த ஆண்டு, அதன் மேலே ‘மெய்ப்பு திருத்தியவர்’ என்று அவள் கையெழுத்தில். ‘த்’ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. சிவப்புப் பேனா பக்கத்தில்தான் இருக்கிறது, இன்னும் மூடியைத் திறக்கவில்லை.